வேதபாட வகுப்பும் விவிலிய மொழிபெயர்ப்பும்: 'நம்பிக்கை' என்னும் சொல்லை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே சுற்றி வந்துள்ளன. மொழிபெயர்ப்பு மூலத்திற்கு உண்மையாக அமைந்துள்ளதா என்பது ஒன்று. அதன் தமிழ் நல்ல தமிழாக அமைந்துள்ளதா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இன்றியமையாத வினாக்களே. ஆயினும் இவற்றிற்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு. அம்மொழிபெயர்ப்பு எங்கே, யாரால், எவருடைய துணையோடு படிக்கப்படுகிறது என்பதே அது.

தமிழ்க் கிறித்தவரிடையே விவிலியம் தனித்திருந்து மௌனமாகப் படிக்கப்படும் நூலாக மட்டும் இருந்ததில்லை. அது கோயிலில் வாசிக்கப்படுகிறது. குடும்ப வழிபாட்டில் ஓதப்படுகிறது. முதியோருக்கான வேதபாட வகுப்பில் வசனம் வசனமாக எடுத்து விளக்கப்படுகிறது. இவற்றுள் மூன்றாவதே மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்தூன்ற வேண்டிய களமாகும். வகுப்பில் ஒருவர் எழுத்துத் தமிழில் பகுதியை வாசிக்கிறார். வகுப்பை நடத்துபவர் அதனைப் பேச்சுத் தமிழில் விரித்துரைக்கிறார். கற்போர் தம் வாழ்வோடு பொருத்தி வினவுகின்றனர். எழுதப்பட்ட பனுவலுக்கும் கேட்போருக்கும் இடையே இரண்டாவது மொழிபெயர்ப்பொன்று ஒவ்வொரு வாரமும் நிகழ்கிறது.

தமிழ் மரபிற்கு இது புதியதன்று. நூல் என்பதும் உரை என்பதும் வேறு வேறு. நூற்பாவைக் கற்பவர் உரையோடு சேர்த்தே கற்பர். அம்மரபின் சொற்களைக் கொண்டே விவிலிய மொழிபெயர்ப்புகளையும் வகைப்படுத்தலாம். உரையைத் தனக்குப் புறத்தே விட்டுவைக்கும் மொழிபெயர்ப்பு ஒரு வகை. உரையைத் தன்னுள் ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பு மற்றொரு வகை. 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு முன்னதற்கும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு பின்னதற்கும் சான்றாகும். இவ்விரண்டும் வேதபாட வகுப்பில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதைச் சில சொற்களையும் இலக்கணக் கூறுகளையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வினாவிடையாகத் தொடங்கிய மரபு

தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கமே சமயக் கல்வி நூல்களில் உள்ளது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் வழங்கப்பெறும் என்றீக்கே என்றீக்கசு மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அதற்கடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வினாவிடை வடிவிலானது. விவிலியம் தமிழில் அச்சாவதற்கு ஏறத்தாழ 135 ஆண்டுகளுக்கு முன்னரே விவிலியத்தை விளக்கும் நூல் அச்சாகிவிட்டது. மூலத்திற்கு முன் உரை வந்தது என்னும் இம்முறைமாற்றம் ஈண்டு நோக்கத்தக்கது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1714-15இல் அவ்வூர் அச்சகத்தில் வெளிவந்தது. மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் தந்ததும் அக்காலப் பணிகளுள் ஒன்று. திருமுழுக்குப் பெற விரும்பிய முதியோர்க்கு ஞானோபதேசமே முதற்பாடம். எழுத்தறியாதோரும் வினாவையும் விடையையும் கேட்டு மனப்பாடம் செய்தனர். கத்தோலிக்க மரபில் 'வேதியர்' என்றும் சீர்திருத்தச் சபைகளில் 'உபதேசியார்' என்றும் அழைக்கப்பெற்ற ஊர்ப்புற ஆசிரியர்களே இக்கல்வியின் தூண்கள். வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என அவர்களுக்கென்றே உரைநடை நூலொன்று இயற்றியதிலிருந்து அப்பணிக்கு இருந்த மதிப்பு விளங்கும்.

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் மொழிபெயர்ப்புத் திருத்தங்களுக்கு எழுந்த எதிர்ப்பின் காரணம் தெளிவாகும். பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியசு, தமிழ் மரபுக்கு இயைந்த எளிய நடையை வற்புறுத்தி, பெப்ரீசியசின் மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டார். அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது. தஞ்சை வேதநாயகம் சாத்திரியார் அத்திருத்த முயற்சியை வன்மையாக எதிர்த்தார். இதனைப் பழமைப்பற்று என்று மட்டும் கூறி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பெப்ரீசியசின் சொற்கள் பாடலிலும் செபத்திலும் ஞானோபதேசத்திலும் ஏறி, கற்றோர் நினைவில் ஒரு பின்னலாக அமைந்திருந்தன. ஒரு சொல்லை மாற்றினால் அப்பின்னலின் பல இழைகள் அறுபடும். பின்னாளில் எல். பி. லார்சன் முதலியோர் செய்த திருத்த மொழிபெயர்ப்பு ஐக்கிய மொழிபெயர்ப்பின் இடத்தைப் பெறாமற் போனதற்கும் இதுவே முதன்மையான காரணம் எனலாம். வேதபாட வகுப்பைக் கணக்கில் கொள்ளாத திருத்தம் நூலை மாற்றுகிறதேயன்றி நினைவை மாற்றுவதில்லை.

3. 'நம்பிக்கை' இடம்பெயர்ந்த வகை

கொரிந்தியருக்கு எழுதப்பெற்ற முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் வேதபாட வகுப்புகளில் மிகுதியாக எடுத்துக்கொள்ளப்படும் பகுதிகளுள் ஒன்று. அதன் இறுதியில் மூன்று பண்புகள் வரிசையாகக் கூறப்படுகின்றன. அவற்றிற்கு இரு மொழிபெயர்ப்புகளும் தரும் சொற்கள் வருமாறு:

(1) ஐக்கிய மொழிபெயர்ப்பு: விசுவாசம், நம்பிக்கை, அன்பு
(2) பொது மொழிபெயர்ப்பு: நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு

மூன்றாவது சொல்லில் மாற்றமில்லை. முதலிரண்டும் மாறியுள்ளன. ஆனால் இது வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை அமைத்த எளிய மாற்றமன்று. முன்னதில் இரண்டாம் இடத்தில் நின்ற 'நம்பிக்கை' பின்னதில் முதலிடத்திற்குப் பெயர்ந்துவிட்டது. ஒரே சொல் ஒரு நூலில் ஒரு கிரேக்கச் சொல்லையும் மற்றொரு நூலில் வேறொரு கிரேக்கச் சொல்லையும் குறிக்கிறது. இரு நூல்களும் ஒரே மேசையில் விரித்து வைக்கப்பட்டுள்ள வகுப்பில், 'நம்பிக்கை' என்று ஒருவர் கூறும்போது அவர் எதனைக் கருதுகிறார் என்பதை அவர் கையிலுள்ள நூலைப் பார்த்தே அறிய வேண்டியுள்ளது.

மாற்றத்திற்கான காரணம் வலுவானதே. 'விசுவாசம்' என்னும் சொல் இன்றைய பொது வழக்கில் பெரும்பாலும் ஊழியன் தலைவனிடம் காட்டும் பற்றையும், நன்றி மறவாமையையும் குறிக்கிறது. நாயின் விசுவாசம் என்பது உலக வழக்கு. கிறித்தவச் சூழலுக்கு வெளியிலிருந்து வகுப்பிற்கு வரும் முதியவர் இப்பொருளையே முதலில் கொள்வார். 'நம்பிக்கை' அவருக்கு எளிதில் விளங்கும். ஆனால் 'நம்பிக்கை' பொதுத் தமிழில் இருபொருள் உடையது. 'அவர்மேல் நம்பிக்கை இருக்கிறது' என்பது ஒருவரைச் சார்ந்து நிற்றலையும், 'மழை பெய்யும் என்ற நம்பிக்கை இருக்கிறது' என்பது வருவதை எதிர்பார்த்தலையும் உணர்த்தும். ஐக்கிய மொழிபெயர்ப்பு இரண்டாம் பொருளை மட்டும் அச்சொல்லுக்கு உரியதாக்கிற்று. பொது மொழிபெயர்ப்பு முதற்பொருளை மட்டும் உரியதாக்கிற்று. இரண்டாம் பொருளுக்கென அது கொண்ட 'எதிர்நோக்கு' பெயர்ச்சொல்லாக உலக வழக்கில் அருகியே காணப்படுகிறது. வினையாக வரும்போதோ சிக்கலையும் எதிர்ப்பையும் 'எதிர்நோக்குதல்' எனத் துன்பச் சார்பும் அதற்கு உண்டு.

ஆகவே விளக்கம் தேவைப்படும் இடம் மாறியுள்ளதேயன்றி விளக்கத்தின் தேவை மறையவில்லை. முன்பு 'விசுவாசம் என்றால் என்ன?' என்று கேட்கப்பட்டது. இப்போது 'எதிர்நோக்கு என்றால் என்ன?' என்று கேட்கப்படுகிறது. இதற்கும் மேலான சிக்கல் ஒன்றுண்டு. விளங்காத சொல்லைக் கண்டால் கற்பவர் வினவுவார். விளங்கியதாகத் தோன்றும் சொல்லைக் கண்டால் வினவமாட்டார். 'நம்பிக்கை' எளிய சொல்லாயிருப்பதாலேயே, அதன் இருபொருட்டன்மை வகுப்பில் கவனிக்கப்படாமல் கடந்துபோகக் கூடும். எளிமை, தெளிவுக்கு எப்போதும் பிணையாவதில்லை.

4. வேர்ச்சொல் உறவும் பொருள் தெளிவும்

உரோமையர் திருமுகம் இச்சிக்கலின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. கிரேக்க மூலத்தில் நீதியைக் குறிக்கும் பெயரும், நீதியுள்ளவரைக் குறிக்கும் பெயரும், ஒருவரை அந்நிலைக்கு உரியவராக்கும் வினையும் ஒரே வேரினின்று பிறந்தவை. பவுலின் வாதம் இவ்வேர் ஒற்றுமையின்மேல் கட்டப்பட்டுள்ளது. ஐக்கிய மொழிபெயர்ப்பு 'நீதி', 'நீதிமான்', 'நீதிமானாக்கு' என மூன்றையும் ஒரே அடியில் அமைத்து அவ்வொற்றுமையைக் காத்துள்ளது. ஆயினும் 'நீதிமானாக்குதல்' என்பது எதனைக் குறிக்கிறதென்று உரையின்றி விளங்குவது அரிது. நீதிமன்றத்தை நினைவூட்டும் சொல்லாகவே அது பலருக்குப் படும்.

பொது மொழிபெயர்ப்பு இவ்விடங்களில் 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்னும் தொடரைக் கையாள்கிறது. பொருள் உடனே விளங்குகிறது. ஆனால் 'நேர்மை', 'நேர்மையாளர்' என வரும் இடங்களோடு இத்தொடருக்குச் சொல்லளவில் உறவில்லை. மூலத்தில் ஒரே சொற்குடும்பம் என்பதைப் பொது மொழிபெயர்ப்பை மட்டும் கற்பவர் தாமே கண்டறிய இயலாது. இங்கு உரை நூலுக்குள் புகுந்துவிட்டது. 'ஏற்புடையவர்' என்பது மூலச்சொல்லின் பெயர்ப்பாக மட்டுமன்றி, பல நூற்றாண்டுகளாக இறையியலார் வாதிட்டு வந்த ஒரு கருத்தைப் பற்றிய தீர்ப்பாகவும் உள்ளது. அத்தீர்ப்பு தக்கதாகவே இருக்கலாம். ஆனால் அது ஒரு தீர்ப்பு என்பது கற்பவருக்குத் தெரிவதில்லை.

யூஜின் நைடா 1964இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பியல் நூலில், மூலத்தைப் படித்தோர் அடைந்த பயனையே பெயர்ப்பைப் படிப்போரும் அடைய வேண்டும் என்னும் நெறியை வகுத்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலக மொழிகளில் வெளிவந்த பல விவிலிய மொழிபெயர்ப்புகள் அந்நெறியின் தாக்கத்தைப் பெற்றன. அந்நெறி படிப்போரைத் தனியராகக் கருதுகிறது. அவரருகே விளக்குநர் ஒருவர் அமர்ந்திருக்கும் சூழல் அதில் போதிய இடம் பெறவில்லை. உரை கேட்கும் வாய்ப்பில்லாதவருக்கு உரையை உட்கொண்ட நூல் பெருந்துணையாகும். வகுப்பில் உள்ளவருக்கோ உரையும் நூலும் வேறுபட்டு நிற்பது வினவுவதற்கான உரிமையைத் தருகிறது.

5. விளியும் மரியாதைப் பன்மையும்

சொற்களைவிட இலக்கணக் கூறுகளிலேயே மொழிபெயர்ப்பாளரின் தேர்வு மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. கிரேக்கத்தில் இல்லாத வேறுபாடுகள் சிலவற்றைத் தமிழ் கட்டாயமாகக் கேட்கிறது.

முதலாவது, முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாடு. மாற்கு 4:38இல் படகில் துன்புறும் சீடர்கள் உறங்கும் இயேசுவை எழுப்புகின்றனர். தாம் அழிவதாக அவர்கள் கூறும்போது இயேசுவையும் சேர்த்துக் கொள்கின்றனரா, இல்லையா? ஐக்கிய மொழிபெயர்ப்பு 'நாங்கள்' என்று கூறி அவரை விலக்கிவிடுகிறது. பொது மொழிபெயர்ப்பு பெயரைத் தவிர்த்து வினைமுற்றை மட்டும் அமைக்கிறது. 'ஓம்' விகுதி இருபொருளுக்கும் பொதுவாதலின் மூலத்தின் பொதுமை காக்கப்படுகிறது. தமிழின் வளத்தை அறிந்து பயன்படுத்திய இடமாக இதனைப் பாராட்டலாம். உரையை நூலுக்குள் இடாமல் வகுப்பிற்கே விட்டுவைத்த இடமும் இதுவே.

இரண்டாவது, விளி. யோவான் 2:4இல் இயேசு தம் தாயை விளிக்கும் சொல் கிரேக்கத்தில் 'பெண்ணே' என்னும் பொருளுடையது. அம்மொழியில் அது அவமதிப்பன்று. ஐக்கிய மொழிபெயர்ப்பின் 'ஸ்திரீயே' சொல்லுக்குச் சொல் நேரானது. ஆனால் மகன் தாயை அவ்வாறு விளிப்பது தமிழ்ச் செவிக்குக் கடுமையாகப் படும். வேதபாட ஆசிரியர் இவ்விடத்தில் நின்று விளக்காமல் மேலே செல்ல இயலாது. பொது மொழிபெயர்ப்பு 'அம்மா' என்றது. அதே சொல் யோவான் 4:21இல் சமாரியப் பெண்ணுக்கும், 19:26இல் மீண்டும் தாய்க்கும் வருகிறது. பெற்ற தாயையும் மதிப்பிற்குரிய எந்தப் பெண்ணையும் 'அம்மா' என்று விளிப்பது தமிழ் வழக்காதலின், கடுமை நீங்கியது. மூலத்தைப் போலவே மூன்றிடத்திலும் ஒரே விளி நின்றது. இது தேர்ந்த தீர்வே. எனினும் ஓர் இழப்பு உண்டு. மூலத்தில் மகன் தாயைத் 'தாயே' என்று விளிக்காமல் பொதுச் சொல்லால் விளிக்கிறான் என்பதே பலருடைய சிந்தனையைத் தூண்டிய செய்தி. தமிழில் 'அம்மா' தாயையும் குறிப்பதால் அச்செய்தி மறைந்துவிடுகிறது. வகுப்பில் எழுந்திருக்க வேண்டிய வினா எழாமற் போகிறது.

மூன்றாவது, மரியாதை விகுதி. ஐக்கிய மொழிபெயர்ப்பில் 'தேவன்' என்னும் ஒருமை ஈற்றுப் பெயர் 'ஆர்' விகுதி பெற்ற வினைகொண்டு முடிகிறது. இலக்கண வழுவெனத் தோன்றும் இவ்வமைப்பு, இறைவனின் ஒருமையையும் அவருக்குரிய மதிப்பையும் ஒருங்கே உணர்த்தும் மரபாக நிலைத்துவிட்டது. ஆனால் அதே மொழிபெயர்ப்பில் சமாரியப் பெண் 'வந்தாள்' என்றே கூறப்படுகிறாள். 'நீ' என்றே விளிக்கப்படுகிறாள். பொது மொழிபெயர்ப்பில் அவர் 'வந்தார்'. 'நீர்' என்னும் முன்னிலைக்குரிய வினைகளால் விளிக்கப்படுகிறார்.

மூலத்தில் இவ்வேறுபாடு இல்லை. ஆகவே இரண்டும் மொழிபெயர்ப்பாளரின் தேர்வுகளே. முன்னது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமுதாயம் யாருக்கு 'ஆர்' விகுதி வழங்கியது, யாருக்கு மறுத்தது என்பதைப் பதிவு செய்துள்ளது. மரியாதை விகுதி சாதியாலும் பாலாலும் அளந்து கொடுக்கப்பட்ட நாட்டில், தம்மை ஒருபோதும் 'வாருங்கள்' என்று ஊரார் அழைத்தறியாத மகளிரும் உழைப்பாளரும் வேதபாட வகுப்பில் அமர்ந்து அப்பகுதியை வாசித்தனர். அவர்களையொத்த ஒரு பெண்ணுக்கு நூலிலேயே 'ஆர்' விகுதி கிடைப்பது சிறிய மாற்றமன்று. பொது மொழிபெயர்ப்பின் மிகப் பெரிய பேறு அதன் தூயதமிழ்ச் சொற்கள் அல்ல. இவ்விகுதியே என்று கூறினும் மிகையாகாது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. யூதர்கள் சமாரியரோடு பழகுவதில்லை என்பதே அந்நிகழ்ச்சியின் பின்புலம். தொடக்கத்திலிருந்தே அப்பெண்ணுக்கு மதிப்பு விகுதி அமைந்துவிட்டால், அவர் எவ்வாறு இழிவாக எண்ணப்பட்டார் என்பதை ஆசிரியர் தம் விளக்கத்தால் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

6. தலைநகர்த் தமிழரும் வேதபாடமும்

மேற்கூறியவை தமிழ்நாட்டுச் சூழலைக் கருதியவை. தமிழ்நாட்டிற்கு வெளியே வேதபாட வகுப்பின் மொழிநிலை வேறாகிறது. தில்லியில் தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரி, அதனை அடுத்து அரசு ஊழியர் குடியிருப்புகள் மிகுந்த இராமகிருஷ்ணபுரம் முதலிய பகுதிகளில் பணி காரணமாகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதல் தலைமுறையினர் தமிழில் கற்றவர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தோர் வீட்டில் தமிழ் பேசினும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயின்றவர்கள். இத்தகையோர் தமிழில் விவிலியம் கற்க முற்படும்போது எந்த மொழிபெயர்ப்பு அவர்களுக்கு அணுக்கமானது?

தூயதமிழ் மொழிபெயர்ப்பே எளிது என்னும் பொதுக் கருத்து இங்கே செல்லுபடியாவதில்லை. இந்தி விவிலியத்தில் மேற்காட்டிய மூன்று பண்புகளும் 'விஸ்வாஸ், ஆஷா, ப்ரேம்' எனப்படுகின்றன. இந்தி அறிந்த தமிழருக்கு 'விசுவாசம்' உடனே விளங்கும் சொல். 'எதிர்நோக்கு' முற்றிலும் அயலானது. 'பிதா', 'கிருபை', 'ஆத்துமா' ஆகியனவும் அவ்வாறே. தமிழ்நாட்டில் பழமையென்று விலக்கப்படும் வடசொற்கள் தலைநகரில் நடைமுறைச் சொற்களாக உயிர்பெறுகின்றன. 'தொடக்கநூல்' என்பதைவிட 'ஆதியாகமம்' என்பதும், 'விடுதலைப் பயணம்' என்பதைவிட 'யாத்திராகமம்' என்பதும் அவர்களுக்குப் பிடிபடுவதில் வியப்பில்லை. இவற்றில் வரும் 'ஆதி'யும் 'யாத்திரை'யும் அவர்கள் அன்றாடம் கேட்பவை.

அதே வேளையில் இவ்வுறவு பிழைக்கும் இடம் தருகிறது. 'விசுவாசம்' என்பதை இந்தி வழியே உணர்பவர் அதன் தமிழ்க் கிறித்தவப் பொருள்வரலாற்றை உணர்வதில்லை. 'நீர்' என்னும் முன்னிலை இன்னும் சிக்கலானது. வட்டார வழக்குகள் சிலவற்றில் அன்றிப் பேச்சுத் தமிழில் அருகிவிட்ட அது, செபத்தில் இறைவனை விளிக்கும் சொல்லாக நிலைபெற்றுள்ளது. தமிழ்நாட்டினர் அதனைக் கோயில் வழக்காகக் கேட்டே பழகுகின்றனர். வெளிமாநிலத்தில் வளர்ந்தவர் வகுப்பில்தான் முதன்முறையாக அதனைத் தம் வாயால் சொல்லக் கற்கிறார். அவருக்கு வேதபாட வகுப்பு சமயக் கல்வி மட்டுமன்று; எழுத்துத் தமிழைக் கற்கும் ஒரு வாயிலுமாகும். இவ்வாயிலைத் தமிழ்க் கல்வியாளர் இன்னும் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை.

இதனால் பெறப்படுவது யாதெனில், ஒரு மொழிபெயர்ப்பின் எளிமையும் கடுமையும் அதன் சொற்களில் மட்டும் குடிகொண்டிருப்பன அல்ல. கற்போர் அறிந்த பிற மொழிகளும், அவர்கள் முன்பே மனப்பாடம் செய்தவையும், விளக்குநரின் பேச்சுவழக்கும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன.

7. முடிவுரை

ஐக்கிய மொழிபெயர்ப்பு வினாக்களை எழுப்புகிறது. ஆனால் விடைக்கு ஆசிரியரைச் சார்ந்திருக்கச் செய்கிறது. ஆசிரியர் நல்லவராயின் வகுப்பு வளரும். அல்லராயின் கற்பவர் அவர் சொன்னதையே வேதமென்று கொள்வார். பொது மொழிபெயர்ப்பு கற்பவரை ஆசிரியரின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. ஆனால் அவ்வதிகாரத்தை மொழிபெயர்ப்பாளர் குழுவிடம் ஒப்படைக்கிறது. நேரே நின்று பேசும் ஆசிரியரை மறுத்து வினவலாம். நூலுக்குள் மறைந்துள்ள உரையாசிரியரை வினவ முடியாது. எந்த மொழிபெயர்ப்பு சிறந்தது என்னும் வழக்கில் இதுகாறும் மறைந்து கிடந்த வினா இதுவே: விளக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

இதற்கு விடை, இரண்டில் ஒன்றைத் தேர்வதில் இல்லை. வேதபாட வகுப்பில் இரு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பது குழப்பமென்று கருதி விலக்கப்படுவதுண்டு. உண்மையில் 'நம்பிக்கை' என்னும் ஒரே சொல் இரண்டு நூல்களில் இரண்டு இடங்களில் நிற்பதைக் காணும் முதியவர், எந்த விளக்கமும் இன்றியே, தாம் படிப்பது ஒரு மொழிபெயர்ப்பு என்பதை உணர்கிறார். அவ்வுணர்வு அவருக்கு வினவும் துணிவைத் தருகிறது. மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது, தாம் தீர்ப்பளித்த இடங்களை அடிக்குறிப்பிலேனும் வெளிப்படையாகக் காட்டுவதாகும். திறனாய்வாளர் செய்யத்தக்கது, நூலை மட்டும் எடைபோடாமல் அது படிக்கப்படும் வகுப்பிலும் சென்றமர்ந்து கேட்பதாகும்.